இரவல் படை

குளத்தூர் என்று ஊர்ப்பேரைச் சொன்னால் "எந்தக் குளத்தூர்?" என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பேரில் ஊர்கள் பல. விளாத்திகுளம் பக்கம் என்று சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும். அப்படிப்பட்ட எங்கள் ஊரின் பேரை ஒரு பட்டியலில் பார்த்தபோது விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. 1799-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு கிழக்கிந்தியக் கும்பினியார் பறிமுதல் செய்த பாளையங்களின் பட்டியல் அது. பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர். ஆறு பேர்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொன்ன கதை நேரானது. வெள்ளைக்காரன் வந்தான், வரி கேட்டான், கொடுக்க மறுத்தவனைத் தூக்கிலிட்டான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் ஓர் ஆளை விட்டுவிட்டார்கள். எங்கள் சீமைக்குள் முதன்முதல் பீரங்கி இழுத்துவந்த வெள்ளைக்காரன் தனக்கென்று வரி கேட்டு வரவில்லை. ஆற்காட்டு நவாபுக்காக வந்தான். அது இரவல் படை. 1755-லிருந்து 1801 வரை நாற்பத்தாறு வருஷம், அந்த இரவல் எப்படி உடைமையாக மாறியது என்பதுதான் கரிசல் சீமையின் கதை. நான் பல வருஷமாக இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

1749-ல் ஆம்பூர்ச் சண்டையில் தகப்பன் அன்வாருதீன் செத்தபோது முகம்மது அலிக்கு மிஞ்சியது திருச்சிக் கோட்டையும் நவாப் என்ற பட்டமும்தான். பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை. முகம்மது அலிக்கு இங்கிலீஷ்காரர்கள் துணை. சண்டை முடிந்தபோது அவர் நவாபாக இருந்தார், ஆனால் அந்தப் படைக்கு ஆன செலவு முழுவதும் அவர் பேரில் எழுதப்பட்டிருந்தது. கையில் ரொக்கம் இல்லை. காகிதத்தில் சீமை இருந்தது. நாயக்கர் ஆட்சி கவிழ்ந்த பிறகு ஒழுங்காக ஒருவருக்கும் திறை கட்டாத மதுரையும் திருநெல்வேலியும் அந்தக் காகிதத்தில் அடக்கம். "படையை அனுப்புங்கள், வசூல் செய்யுங்கள், உங்கள் கடனைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் ஏற்பாடு.

1755 பிப்ரவரியில் லெப்டினன்ட் கர்னல் ஹெரான் திருச்சியிலிருந்து தெற்கே கிளம்பினார். ஐந்நூறு வெள்ளைச் சிப்பாய்கள், இரண்டாயிரம் சுதேசிச் சிப்பாய்கள். கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ்கான், அவருடைய குதிரைப் படையோடு. சுதேசிச் சிப்பாய்களுக்குத் தலைவன் யூசுப்கான். ராமநாதபுரம் பனையூரில் பிறந்தவன் என்று சொல்லப்படுகிற, மருதநாயகம் என்ற பேரால் இன்று அறியப்படுகிற அதே ஆள்.

படைக்கு யார் தலைவர் என்ற கேள்விக்கு அங்கே ஒரே விடை இல்லை. துப்பாக்கி ஹெரானுடையது. சண்டை நவாபுடையது. வசூல் மாபூஸ்கானுடையது. வசூலில் வருவது கும்பினிக்குப் போகவேண்டியது. பேச்சோ துபாஷியின் வாயில். ஹெரானின் இங்கிலீஷ் ஒரு வாய் மாறி, இன்னொரு வாய் மாறி, பாளையக்காரரின் காதுக்குப் போய்ச் சேரும்போது என்னவாக இருந்திருக்கும் என்று நான் பலதரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் பாளையக்காரர் பலருக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். நவாப் தரப்புக்குப் பாரசீகமும் இந்துஸ்தானியும். இத்தனை பாஷைகளையும் தாண்டிச் சேதாரம் இல்லாமல் போய்ச் சேர்ந்தது தொகை ஒன்றுதான்.

ஹெரான் வந்த மாதத்தைக் கவனிக்க வேண்டும். மாசி, பங்குனி. கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பருத்தி வெடித்து, பெண்கள் மடி நிறைய எடுத்துவந்து வீட்டு மூலையில் அம்பாரமாகக் குவிக்கிற பருவம். கம்பும் சோளமும் அதற்கு முன்பே குலுக்கைக்குள் போயிருக்கும். வருஷம் முழுக்க ஒரு சம்சாரி வீட்டில் ஏதாவது இருக்கும் என்றால் அது இந்த இரண்டு மாதம்தான். மானாவாரி பூமிக்கு வருஷத்தில் ஒரு மழை, ஒரு வெள்ளாமை, ஒரு வருமானம். சிப்பாய்க்கு மாசாமாசம் சம்பளம். இந்த இரண்டு கணக்கும் ஒருநாளும் ஒத்துப்போகாது. ஐப்பசியில் அடைமழை தவறினால் எங்கள் சம்சாரி அடுத்த ஐப்பசிவரை காத்திருப்பான். சம்பளம் வராத படை அடுத்த மாதம்வரைகூடக் காத்திருக்காது. இரவல் படை வைத்துக்கொண்ட எந்த அரசும் இந்த இடத்தில்தான் இடறி விழுந்திருக்கிறது என்பது என் எண்ணம். விசுவாசம், துரோகம் பற்றிய பேச்செல்லாம் இதற்கு அப்புறம் வருவது.

அந்தப் படையெடுப்பு கெட்டுப்போன விதத்தைக் கும்பினியின் சரித்திரக்காரர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறார். கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்திலும் இருக்கிறது. மதுரைக்கு அருகே கோயில்குடிக் கோயிலை உடைத்துச் சாமி விக்கிரகங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் கொஞ்சம் பணமும் பிணையாட்களும் வாங்கினார்கள். நெற்கட்டும்செவலில் புலித்தேவர் பணம் தர மறுத்தார். கோட்டையை உடைக்கிற கனத்தில் பீரங்கி இல்லாமல் திரும்பினார்கள். ராமநாதபுரம் சேதுபதியோடு ஹெரான் தன்போக்கில் உறவு பேச, தஞ்சாவூர் அரசரும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் இருவரும் நவாபுக்கும் கும்பினிக்கும் பழைய நண்பர்கள். நண்பனுக்கு உதவ வந்தவர், நண்பனின் நண்பர்களைப் பகைத்துவிட்டார். மே மாதக் கடைசியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் வழிமறித்தார்கள். "சாமி, சாமி" என்று கூவிக்கொண்டே அவர்கள் பாய்ந்தார்கள். விக்கிரகங்கள் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன.

ஹெரான் சென்னைக்குப் போனதும் ராணுவ விசாரணை நடந்து வேலை பறிபோயிற்று. போவதற்கு முன் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை வருஷம் 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானுக்கே குத்தகை எழுதிக் கொடுத்திருந்தார். நவாபுக்குச் சொந்தமென்று சொல்லப்பட்ட சீமையை, நவாபின் அண்ணனுக்கு, கும்பினியின் கர்னல் குத்தகைக்கு விட்டிருக்கிறார். அடுத்த வருஷம் குத்தகை தித்தாரப்ப முதலியார் கைக்கு மாறியது. மாபூஸ்கான் புலித்தேவர் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டார். யாரை அடக்கப் படையோடு வந்தாரோ அவரோடேயே.

யூசுப்கானிடம் வரும்போது எனக்கு எழுத்து தடுமாறுகிறது. வந்தவர்களில் இந்த மண்ணைத் தெரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். கும்பினி அவனுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்திருந்தது. 1756-ல் மீண்டும் தெற்கே வந்தான். 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது வடக்கே போய்ச் சண்டை போட்டுக் கும்பினியைக் காத்தான். திரும்பவும் வந்து மதுரையை ஆண்டான். 1761-ல் நெற்கட்டும்செவலை விழத்தட்டியவன் அவன்தான். அதை நாங்கள் மறப்பதற்கில்லை. ஆனால் அவன் ஆட்சியில் வசூல் ஒழுங்குக்கு வந்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகவேண்டியது போனது. நெசவு நடந்தது. மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இன்னும் அவன் பேரில் இருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என்று ஊர் இருக்கிறது.

அவனுடைய எஜமான் யார்? கும்பினி வளர்த்த ஆள், நவாபின் சீமையில் குத்தகைதாரன். சென்னையில் கவர்னரின் சபை ஒரு கட்டத்தில் தீர்த்துச் சொல்லிவிட்டது: நீ நவாபின் ஆள், பணத்தை அவருக்கே கட்டு. நவாபுக்கோ அவன்மேல் பயம். திறமையான வேலைக்காரன் தன் சீமையில் தன்னைவிடப் பேர் வாங்கினால் எந்த ராஜா பொறுப்பான்? யூசுப்கான் கேட்டதில் எனக்கு நியாயம் தெரிகிறது. என்னை நியமித்தது நீங்கள், என் கணக்கை நீங்களே பாருங்கள் என்பதுதான் அவன் கேட்டது. நட்பு அரசின் மனம் கோணக்கூடாது என்பதற்காகக் கும்பினி அவனைக் கைவிட்டது. அவன் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினான். 1763-ல் மதுரை முற்றுகை தொடங்கியது. மழைக்காலத்துக்கு நிறுத்தி, மறுவருஷம் மறுபடி தொடங்கினார்கள். கோட்டை சண்டையில் விழவில்லை. அவனிடம் வேலை பார்த்த மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரனும் உள்ளாட்கள் சிலரும் சேர்ந்து அவனைக் கட்டிக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ல் மதுரைக்கு வெளியே தூக்கிலிட்டார்கள்.

ஹெரானுக்கு ஊரில் ஒரு பாட்டும் கிடையாது. யூசுப்கானுக்குக் 'கான்சாகிபு சண்டை' என்று கதைப்பாடலே கட்டி ஊர் ஊராகப் பாடியிருக்கிறார்கள். நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார். நெற்கட்டும்செவலை வீழ்த்தியவனுக்கும் சனங்கள் பாட்டுக் கட்டினார்கள் என்பதை நான் அடிக்கடி எண்ணிக்கொள்வேன். செஞ்சோற்றுக் கடன் என்பது நம் சனங்களுக்கு மனசில் ஊறிய விஷயம். ஒருவன் யார் சோற்றைத் தின்றான், யாருக்காகச் செத்தான் என்று கேட்பார்கள். இரண்டு வீட்டுச் சோற்றைத் தின்னவைத்து, இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒருவனைக் கொன்றார்கள் என்றால், அவனுடைய பழைய பாவத்தை மன்னித்துவிடுகிற இரக்கம் அவர்களிடம் இருந்திருக்கிறது.

நவாபின் கடன் மட்டும் தீரவேயில்லை. கும்பினிக்குக் கட்டவேண்டிய தவணைக்காகச் சென்னையில் கடன் வாங்கினார். கொடுத்தவர்கள் யார்? கும்பினியின் உத்தியோகஸ்தர்களே. பகலில் நவாபுக்கு யோசனை சொல்கிற ஆட்கள், இரவில் அவருக்கு வட்டிக்குக் கொடுக்கிற ஆட்கள். வட்டிக்கு ஈடாகச் சீமைகளின் விளைச்சல் எழுதி வாங்கப்பட்டது. 1773-ல் கும்பினிப் படையைக் கொண்டு நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார். லண்டனிலிருந்து உத்தரவு வந்து 1776-ல் கவர்னர் பிகட் தஞ்சையை அரசருக்குத் திருப்பிக் கொடுத்தபோது, தஞ்சாவூரில் வயலில் நிற்கிற பயிரே தனக்கு ஈடு என்று பால் பென்ஃபீல்டு என்ற உத்தியோகஸ்தர் குறுக்கே நின்றார். தகராறு முற்றி, அந்த வருஷம் ஆகஸ்டில் கவர்னரையே அவருடைய சபையார் சிறைப்பிடித்தார்கள். மறுவருஷம் காவலிலேயே செத்துப்போனார் பிகட். 1785-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இந்தக் கடன்களைப் பற்றியே நெடுநேரம் பேசினார். பின்னால் ஒரு கமிஷன் உட்கார்ந்து பார்த்ததில், கடன் என்று கொண்டுவரப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையாக நிற்கவில்லை.

நண்பனின் படைக்கு யோசனை சொல்கிறவருக்கு அந்த நாட்டின் வெள்ளாமையில் வட்டி இருந்தால், அவர் சொல்கிற யோசனை எப்படி இருக்கும்? சண்டை போடு என்றுதான் இருக்கும். பயிர் நிற்கிற இடத்தில் சண்டை போடு என்று இருக்கும்.

1792-ல் புது உடன்படிக்கை. கும்பினிப் படைக்காக நவாப் வருஷம் 9 லட்சம் பகோடா கட்டவேண்டும். பழைய கடனுக்குத் தனியாக 6 லட்சத்துக்கு மேல். பாளையக்காரர்களின் பேஷ்குஷ்ஷை, அதாவது கப்பத்தை, கும்பினியே நேரடியாக வசூலிக்கும், நவாபின் பேரில். அந்தத் தாளில் எங்கள் குளத்தூர்க்காரரிடம் ஒருவரும் கையெழுத்துக் கேட்கவில்லை. எட்டயபுரத்துக்காரரிடம் கேட்கவில்லை, பாஞ்சாலங்குறிச்சியிலும் கேட்கவில்லை. ஆறு வருஷம் கழித்து 1798-ல் 3310 பகோடா பாக்கி என்று ஜாக்சன் கலெக்டர் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவைத்து ராமநாதபுரத்தில் நிறுத்தியபோது, அந்தத் தொகை எந்தக் கணக்கில் யார் கடனைக் கழிக்கப் போகிறது என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கு. யூசுப்கான் செத்து முப்பத்தைந்து வருஷமும் ஒருநாளும் ஆகியிருந்தது.

எட்டயபுரத்துப் பாளையக்காரரின் எட்டப்பன் என்ற பேர் தமிழில் வசைச்சொல்லாகிவிட்டது. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஒரு பாளையக்காரர் பக்கத்துப் பாளையக்காரருக்கு எதிராகக் கும்பினியின் கையைப் பிடித்தார். அது குற்றம்தான், அதன் பலனாகக் கிராமங்களும் கிடைத்தன. ஆனால் சீமை மொத்தத்தையும் வட்டிக்கு வைத்தவரின் பேரை நாம் வசையாக்கவில்லை. பக்கத்து வயல்காரன் செய்த துரோகம் கண்ணுக்குத் தெரிகிறது. சேப்பாக்கம் அரண்மனையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது தெரியவில்லை. எட்டயபுரம் பக்கம் பிறந்த பிள்ளைகள் வெளியூரில் இந்தப் பேச்சைக் கேட்டுத் தலைகுனிவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தம்.

கன்னியாகுமரிப் பக்கம், தக்கலை அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. அங்கே ஒரு கல்லறை. டிலனாய் என்ற டச்சுக் கம்பெனி அதிகாரி. 1741 ஆகஸ்டு 10-ல் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டவர். அவரிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பழக்கி, கோட்டைகளைக் கட்டி, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த ஊரிலேயே இருந்து 1777-ல் செத்தார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. சொந்த ஊருக்கு அறிக்கை எழுதவேண்டிய வேலை அவருக்கு இல்லை. சம்பளம் ஒரே கையிலிருந்து வந்தது. அதனால் அவர் வேலை சிறந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவருடைய நண்பர் நீலகண்ட பிள்ளை, டிலனாயின் பேச்சைக் கேட்டு 1745-ல் தேவசகாயம் என்று ஞானஸ்நானம் பெற்றபோது, அரசர் அவரைச் சிறையில் வாட்டி, 1752 ஜனவரியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லவைத்தார். பெரிய படைத்தலைவரால் அந்த ஓர் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்கப்புறமும் அதே அரசரிடம் வேலை பார்த்தார். அந்தக் கல்லறைமுன் நின்றபோது அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறெங்கே போயிருப்பார்?

இதெல்லாம் பழங்கதை என்று இருந்துவிட எனக்கு முடியாமல் போனது என் தாய்மாமாவால். அவர் இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போய்வந்தவர். 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாளில் புலிகளும் கையெழுத்துப் போடவில்லை, சனங்களும் போடவில்லை. அக்டோபரில் யாரைக் காக்கப் போனதாகச் சொன்னார்களோ அவர்கள் நடுவிலேயே சண்டை. 1989-ல் பிரேமதாசா வந்து படையைத் திரும்பிப் போகச் சொன்னார். அவருடைய அரசு புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தது. 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல். ஏறக்குறைய 1,200 சிப்பாய்கள் திரும்பவில்லை. சென்னைத் துறைமுகத்துக்கு வரவேற்கப் போகமாட்டேன் என்று முதலமைச்சர் கருணாநிதி சொல்லிவிட்டார். அங்கே செத்துப்போன தமிழ்ச் சனங்களை நினைத்தால் அவர் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். மாமா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

ஒரே ஒருதரம் பேசினார். தமிழ் தெரிந்தவர் என்பதால் சோதனைச்சாவடியில் அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு வயசான அம்மா நின்று, அவர் முகத்தைப் பார்த்து, "தம்பி, உங்களை ஆர் வரச் சொன்னது?" என்று கேட்டிருக்கிறார். கோபமாகக் கேட்கவில்லையாம், தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி. "எனக்குத் தெரியல மாப்ள. டில்லியா, கொழும்பா, அந்த அம்மாவோட பிள்ளைகளா? மூணு பேரும் வரச் சொன்ன மாதிரியும் இருந்துச்சு, மூணு பேரும் போகச் சொன்ன மாதிரியும் இருந்துச்சு."

2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்துப் போட்ட செய்தி வந்தபோதும் மாமா வீட்டில்தான் இருந்தேன். ஏறக்குறைய இருபது வருஷமாக அமெரிக்கா பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து வளர்த்த காபூல் அரசு அந்த மேசையில் உட்காரவில்லை. மறுவருஷம் ஆகஸ்டு 15-ல் காபூல் விழுந்தது. மாமா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

போன தை மாதம் இருவரும் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனோம். 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்க்கிற கூட்டம் அங்கே எப்போதும் இருக்கும். நாங்கள் போனது அந்தச் சண்டைகளில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகளின் கல்லறைகளைப் பார்க்க. 1799 செப்டம்பர் 5-ல் கும்பினித் தளபதி பானர்மேன் தாக்கியபோது விழுந்தவர்கள், 1801-ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை மறுபடி எழுப்பிய மண்கோட்டையின்மேல் ஏறமுடியாமல் விழுந்தவர்கள். அந்தக் கோட்டை மார்ச் மாதக் கடைசியில் ஒருதரம் தாக்கியும் விழவில்லை. பெரிய பீரங்கிகள் வந்து மே 24-ல்தான் விழுந்தது. சுவரை இடித்துச் சமமாக்கி ஆமணக்கு விதைத்தார்கள் என்பார்கள். கோட்டை விழுந்து இரண்டு மாதம் கழித்து, 1801 ஜூலை 31-ல் புது நவாப் அசீமுத்தௌலா கர்நாடகச் சீமை முழுவதையும் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார்.

மாமா ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பழக்கத்தில் காலைச் சேர்த்து நின்றார். இதே சண்டையில் செத்த சுதேசிச் சிப்பாய்களுக்குக் கல் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டு, "இவங்களுக்கு அப்ப யார் சம்பளம் குடுத்தது?" என்றார்.

9 லட்சம் பகோடா கணக்கைச் சொன்னேன். நவாப் கட்டவேண்டிய பணம், அதில் ஒரு பங்கு பாளையக்காரர்களிடம் வசூலித்து வந்தது என்று சொன்னேன்.

"பாளையக்காரர்னா, நம்ம குளத்தூரும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான் மாமா."

அவர் குனிந்து வேட்டிக் கரையில் ஒட்டியிருந்த நாயுருவி முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். சுற்றிலும் பருத்தி நின்றது. முதல் காய்கள் வெடிக்கத் தொடங்கியிருந்தன.